வெள்ளத்தில் நனைந்த மாலைப் பள்ளி: வாடகைக்கும் சம்பளத்துக்கும் அவசர நிதி யார் தருவார்கள்?

சுண்டல் டீச்சர்
20 டிசம்பர் 2023

எல்லோருக்கும் வணக்கம். இங்கே டிரஸ்ட் நடத்துகிறவர்களும், டிரஸ்டுக்குக் கணக்கு எழுதுகிறவர்களும் நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

கொருக்குப்பேட்டையில் 2017 முதல் மாலைப் பள்ளி ஒன்று நடத்துகிறோம். தரைத்தளத்தில் இரண்டு அறை. ஆறாவது முதல் பத்தாவது வரை 64 பிள்ளைகள். வீட்டில் பெரும்பாலும் லோடு வேலை, வீட்டு வேலை, மீன் கூடை. பிள்ளைகள் ஐந்தரைக்கு வருவார்கள். ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு டம்ளர் பால், அப்புறம் எட்டரை வரை படிப்பு. என் பெயருக்குக் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

மிக்ஜாம் புயல் மழையில், டிசம்பர் 4 காலை, தண்ணீர் உள்ளே வந்தது. மழைத் தண்ணீர் மட்டும் என்றால் பரவாயில்லை, சாக்கடையும் சேர்ந்து வந்தது. மூன்றடி. இறங்க நாலு நாள் ஆயிற்று. ஏழு பழைய லேப்டாப்பில் ஐந்து போய்விட்டன. பிள்ளைகள் கைக்கு எட்ட வேண்டும் என்று கீழ்த்தட்டில் வைத்திருந்தோம், நாங்கள் செய்த நல்ல காரியம்தான் வினையாகிவிட்டது. இன்வெர்ட்டரும் பேட்டரியும் போயின. இரண்டு பீரோ புத்தகம் ஊதிப்போய், கதவைத் திறக்க முடியாமல் உடைத்துத்தான் எடுத்தோம்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். லேப்டாப் ஐந்து, பழையதாகவே வாங்கினாலும் 60,000. இன்வெர்ட்டர் பேட்டரி 22,000. புத்தகம், நோட்டு 18,000. சுத்தம் செய்து சுண்ணாம்பு அடிக்க 15,000. பாய், பலகை, சில்லறைச் சாமான் 5,000. மொத்தம் 1,20,000. இதுபோக மாதா மாதம் வாடகை 9,000, மூன்று ஆசிரியைகளுக்கு ஆறாயிரம் வீதம் 18,000, சுண்டலுக்கும் பாலுக்கும் 7,000, கரண்ட் 1,800. ஆக மாதம் 35,800. வங்கியில் இன்றைக்கு இருப்பது 38,400.

எங்களுக்கு யாரும் உதவவில்லை என்று சொன்னால் பொய். முதல் வாரத்தில் அரிசி வந்தது, பிரெட் வந்தது, போர்வை மூன்று தடவை வந்தது. பள்ளியில் இப்போது 140 போர்வை இருக்கிறது. ஆனால் வாடகை என்று வாயைத் திறந்தால் எதிரே இருப்பவரின் முகம் மாறிவிடுகிறது. "அதெல்லாம் நிவாரணத்தில் வராதே மேடம்" என்கிறார்கள். ஆசிரியைகள் மூவரும் அதே தெருக்காரர்கள். அவர்கள் வீட்டிலும் தண்ணீர் புகுந்தது. அவர்களுக்கு ஜனவரி சம்பளம் கொடுக்க முடியாவிட்டால் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள், போகத்தான் வேண்டும். பத்தாவது பொதுத்தேர்வு மார்ச் கடைசியில்.

இரண்டு நாளாகத் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழையாம். எங்களுக்கு வருவதாக இருந்த இரண்டு பேர் அங்கே கிளம்பிவிட்டார்கள். அது நியாயம்தான். இந்த நேரத்தில் கேட்கவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். அவசர நிதி என்று ஒன்று எங்களைப் போன்ற சின்ன டிரஸ்டுக்கு எங்கேயாவது உண்டா? வருமான வரியில் 12ஏ (டிரஸ்டுக்கு வரி விலக்கு), 80ஜி (கொடுக்கிறவர்களுக்கு வரிச் சலுகை) இரண்டு பதிவும் இருக்கிறது. வெளிநாட்டுப் பணம் வாங்குவதற்கான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இல்லை. சமூகப் பொறுப்பு நிதி (சி.எஸ்.ஆர்.) கொடுக்கும் கம்பெனிக்காரர்கள் கேட்கும் சி.எஸ்.ஆர்.-1 என்ற பதிவும் இல்லை.


பெரம்பூர் பையன்
20 டிசம்பர் 2023

அக்கா, எங்கள் ஆபீஸில் 50 போர்வை எடுத்து வைத்திருக்கிறோம். நாளைக்கு வண்டியில் அனுப்பவா?


சுண்டல் டீச்சர்
20 டிசம்பர் 2023

தம்பி, பதிவை முழுசாகப் படிக்கவில்லை போல! பரவாயில்லை. அந்த 50ஐத் தென் மாவட்டத்துக்குப் போகிற வண்டியில் ஏற்றிவிடுங்கள். எங்களிடம் உள்ளதில் 100ஐயும் சேர்த்து அனுப்ப முடியுமா என்று கேட்டுச் சொல்லுங்கள், புண்ணியமாகப் போகும்.


நேர்கோடு
20 டிசம்பர் 2023

கோபித்துக்கொள்ளாதீர்கள். ஏழு வருடமாக நடத்துகிறீர்கள், கையில் ஒரு மாதச் செலவுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் வெள்ளத்தைக் குறை சொல்ல முடியாது. சென்னையில் மழை ஒவ்வொரு வருடமும் வருகிறது. 2015 வெள்ளத்தைப் பார்த்த பிறகும் தரைத்தளத்தில், கையிருப்பு இல்லாமல் ஏன்?


சுண்டல் டீச்சர்
20 டிசம்பர் 2023

கோபமில்லை, நியாயமான கேள்வி. மாடியில் இடம் கேட்டால் வாடகை 14,000. கையிருப்பு பற்றிச் சொல்கிறேன். 2019இல் எங்களிடம் 60,000 மிச்சம் இருந்தது. அப்போது எங்களுக்குத் தொடர்ந்து கொடுத்துவந்த ஒரு நன்கொடையாளர் கணக்கைப் பார்த்துவிட்டு, "பணம் மிச்சம் இருக்கிறதே, அப்போது தேவை இல்லை போலிருக்கிறது" என்று அடுத்த வருடம் பாதியாகக் குறைத்துவிட்டார். அதற்குப் பிறகு மிச்சம் வைக்கவே பயம். மார்ச் வந்தால் இருக்கிற பணத்தில் நோட்டு வாங்கி அடுக்கிவிடுவேன். அந்த நோட்டெல்லாம்தான் இப்போது நனைந்தது.


பேரேடு
21 டிசம்பர் 2023

டீச்சர், வணக்கம். புரசைவாக்கத்தில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் 26 வருடம் டிரஸ்ட் கோப்புகள் பார்த்தவன். இப்போது ஓய்வு. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த நன்கொடையாளர் சொன்னது தப்பு. வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த வருடமே டிரஸ்டின் நோக்கத்துக்குச் செலவு செய்யச் சொல்கிறது வருமான வரிச் சட்டம். மீதி 15 சதவீதத்தை எந்தப் படிவமும் போடாமல் வைத்துக்கொள்ளலாம். உங்கள் வருடச் செலவு சுமார் 4.3 லட்சம், அதற்கு 15 சதவீதம் என்றால் 64,000 சொச்சம். கிட்டத்தட்ட இரண்டு மாதச் செலவு, வருடா வருடம். அதற்கு மேலும் சேர்க்க வேண்டுமென்றால் என்ன காரியத்துக்கு என்று எழுதி, படிவம் 10 போட்டு, ஐந்து வருடம் வரை ஒதுக்கி வைக்கலாம். நான் பார்த்த சின்ன டிரஸ்டுகளில் பாதிக்கு மேல் இந்த 15ஐத் தொட்டதே இல்லை. நேர்கோடு கேட்ட கேள்விக்குப் பதில் சட்டத்தில் இருக்கிறது, நன்கொடையாளர்களுக்குத்தான் அது தெரிவதில்லை.

சரி, இப்போதைய கதை. உங்கள் தேவை 1,20,000, அதோடு மூன்று மாதம் ஓட்ட 1,07,400. சேர்த்தால் 2,27,400. இதை ஒரே தொகையாக யாரிடமும் கேட்காதீர்கள். சாமான் தருகிறவர் வேறு, மாதச் செலவு தருகிறவர் வேறு. இன்வெர்ட்டரைப் படம் எடுத்து மாட்டலாம், பலகையில் பெயர் எழுதலாம். வாடகையைப் படம் எடுக்க முடியாது. அதனால் பொருளை ரோட்டரி, லயன்ஸ் மாதிரி உள்ளூர் கிளப்பிடமும், பக்கத்து வங்கிக் கிளையிடமும், பழைய கம்ப்யூட்டரைக் கழிக்கும் அலுவலகங்களிடமும் கேளுங்கள். துணி, பாத்திரம், பள்ளிச் சாமான் என்றால் கூஞ்ச், பூமிகா டிரஸ்ட் போன்ற அமைப்புகளிடம் எழுதிக் கேட்கலாம். பூமிகா சென்னையிலேயே இருப்பது, 2015 வெள்ளத்தில் யாருக்கு என்ன வேண்டும் என்று இணைத்துவிட்ட அமைப்பு.

வாடகையும் சம்பளமும் உங்களை ஏற்கெனவே தெரிந்தவர்களிடம் மட்டும்தான் கிடைக்கும். 2017 முதல் ரசீது போட்டுக் கொடுத்த அத்தனை பேருக்கும் போன் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு அனுப்பாதீர்கள், அதைப் பத்தோடு பதினொன்றாகத் தள்ளிவிட்டுப் போவார்கள். "எங்கள் கணக்கு டீச்சரின் ஜனவரி சம்பளம் ஆறாயிரம், அதை நீங்கள் ஏற்றுக்கொள்ள முடியுமா" என்று ஒரே ஒரு விஷயத்தைக் கேளுங்கள். ரசீதுப் புத்தகம் நனையாமல் இருக்கிறதா?

உங்கள் போனில் இருக்கும் ஜி.பே.க்குப் பணம் வாங்காதீர்கள். டிரஸ்ட் கணக்குக்கே யு.பி.ஐ. கியூ.ஆர். வாங்கிவிடுங்கள். யார் எவ்வளவு போட்டார்கள் என்று பெயர், முகவரியோடு எழுதுங்கள். பெயர் முகவரி இல்லாத பணம் ஒரு லட்சம், அல்லது மொத்த நன்கொடையில் 5 சதவீதம், இதில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 30 சதவீதம் வரி. 80ஜி கேட்பவர்களிடம் பான் எண்ணை அன்றைக்கே வாங்குங்கள், ரொக்கமாக 2,000க்கு மேல் கொடுத்தால் அவர்களுக்கு விலக்கு கிடையாது என்பதையும் சொல்லிவிடுங்கள். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலை மே 31க்குள் படிவம் 10பிடியில் போட வேண்டும். தவறினால் நாளுக்கு 200 ரூபாய் அபராதம், ஒரு நாள் சுண்டல் செலவில் முக்கால்வாசி அதிலேயே போய்விடும்! இன்னொன்று, சம்பளக்காரர்கள் பலர் இப்போது புது வரி முறைக்குப் போய்விட்டார்கள். அதில் 80ஜி விலக்கே கிடையாது. அதனால் வரிச் சலுகையைச் சொல்லிக் கேட்பதைவிடப் பத்தாவது பரீட்சையைச் சொல்லிக் கேளுங்கள்.

வெளிநாட்டில் உறவினர், பழைய மாணவர் இருப்பார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி ஆகாது. பாஸ்போர்ட் நகல் வாங்கி வையுங்கள். ஆனால் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட அண்ணன் அனுப்பினால், அவர் கொருக்குப்பேட்டையிலேயே பிறந்தவராக இருந்தாலும், அது வெளிநாட்டு நிதிதான். எஃப்.சி.ஆர்.ஏ. இல்லாமல் அதைத் தொடக்கூடாது. அந்தப் பதிவுக்கு மூன்று வருடத்தில் 15 லட்சம் செலவு காட்ட வேண்டும், உங்களுடையது 13 லட்சத்துக்குள்தான் வரும். இப்போதைக்கு அதை மறந்துவிடுங்கள். எஃப்.சி.ஆர்.ஏ. வைத்திருக்கும் பெரிய அமைப்பிடம் "நீங்கள் வாங்கி எங்களுக்குக் கொஞ்சம் தாருங்கள்" என்றும் கேட்காதீர்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு அவர்கள் அந்தப் பணத்தை வேறு அமைப்புக்கு மாற்றக்கூடாது.

உள்நாட்டுப் பணத்தைக்கூட ஒரு டிரஸ்ட் இன்னொரு டிரஸ்டுக்குக் கொடுத்தால், 2023-24 நிதியாண்டு முதல் அதில் 85 சதவீதத்தைத்தான் செலவாகக் கணக்கில் எடுப்பார்கள். பெரிய டிரஸ்ட்காரர் தயங்கினால் அவருக்கு மனசில்லை என்று நினைக்காதீர்கள், அவருடைய ஆடிட்டர் தடுத்திருப்பார்.


சுண்டல் டீச்சர்
21 டிசம்பர் 2023

சார், ரசீதுப் புத்தகம் மேல்தட்டில் இருந்ததால் தப்பித்தது, ஆனால் ஓரம் முழுக்க ஈரம். நேற்று ராத்திரி நானும் தமிழ் டீச்சரும் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக இஸ்திரிப் பெட்டி வைத்துத் தேய்த்தோம். 41 பெயர் படிக்க முடிகிறது. நாளையிலிருந்து போன் செய்கிறேன்.


முடிச்சூர் முதல் மாடி
21 டிசம்பர் 2023

பேரேடு ஐயா சொன்ன ஜி.பே. விஷயத்தில் பட்டுத் தெரிந்துகொண்டவன் நான். 2015 டிசம்பரில் எங்கள் தையல் பயிற்சி மையம் ஆளுயரத் தண்ணீரில் முழுகியது. டிரஸ்ட் கணக்கின் செக் புத்தகமும் தண்ணீரோடு போய்விட்டதால், அவசரத்துக்கு என் சொந்தக் கணக்கு எண்ணை ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டேன். பத்து நாளில் 3,62,000 வந்தது. முகம் தெரியாத ஜனங்கள் நூறும் ஐநூறுமாகப் போட்டார்கள், நினைத்தால் இன்றைக்கும் கண் கலங்கும். எல்லாவற்றையும் மையத்துக்குத்தான் செலவு செய்தேன், ஆனால் பில் பாதிக்கு இல்லை. அடுத்த வருடம் வருமான வரியிலிருந்து, இது என்ன வருமானம் என்று கடிதம். விளக்கம் சொல்லி முடிக்கப் பதினாலு மாதம். அதைவிட வலித்தது, தெருவில் ரெண்டு பேர் "வெள்ளத்தில் வீடு கட்டிவிட்டான்" என்று பேசியது.

மிலாப், கெட்டோ மாதிரி இணையத்தில் நிதி திரட்டும் தளங்களில் போட்டுப் பார்க்கலாம். தெரியாதவர்கள் வந்து கொட்டுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். முதல் கால்வாசிப் பணம் உங்கள் ஆட்களிடமிருந்து வந்து, சேர்ந்த தொகையைக் காட்டும் கோடு கொஞ்சம் நகர்ந்திருந்தால்தான் மற்றவர்கள் நம்பிப் போடுவார்கள். அதனால் 41 போன் முதலில், தளம் அப்புறம்.

2015க்குப் பிறகு நாங்கள் முதல் மாடிக்குப் போனோம். கீழே ஆறு மோட்டார் தையல் மெஷின் மட்டும் இருக்கிறது, படியேறத் தூக்க முடியாத எடை. அதற்கு இன்சூரன்ஸ் எடுத்தோம். பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்று ஒரு பாலிசி 2021 ஏப்ரலில் வந்தது, 5 கோடி வரை மதிப்புள்ள இடத்துக்கு. தீ மட்டுமல்ல, புயலும் வெள்ளமும் அதிலேயே அடக்கம். இந்தத் தடவை தண்ணீர் வந்து நாலாம் நாள் சர்வேயர் வந்தார். மெஷின் பில்லை எடுத்து மேஜையில் வைத்ததும் மனுஷன் பேச்சே மாறிவிட்டது. பணம் இன்னும் வரவில்லை, ஆனால் வரும் என்று நம்பிக்கை இருக்கிறது. டீச்சர், உங்களுக்கு இது அடுத்த மழைக்குத்தான் பயன்படும், இப்போதைக்கு இல்லை.


ஓ.எம்.ஆர். ஊழியர்
22 டிசம்பர் 2023

நான் ஒரு ஐ.டி. கம்பெனியில் சி.எஸ்.ஆர். வேலை பார்க்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். உள்ளே நடப்பதைச் சொல்கிறேன், அதன் பிறகு டீச்சருக்கு எங்கள் மேல் இருக்கும் கோபம் குறையலாம், கூடவும் செய்யலாம்.

500 கோடி நிகரச் சொத்து மதிப்போ, 1,000 கோடி விற்பனையோ, 5 கோடி லாபமோ உள்ள கம்பெனி, முந்தைய மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகக் காரியத்துக்குச் செலவு செய்ய வேண்டும். இது 2013 கம்பெனிச் சட்டம். பணம் இருக்கிறது. ஆனால் எந்தப் பணம் எதற்கு என்று ஏப்ரலிலேயே திட்டம் போட்டு போர்டு ஒப்புதல் வாங்கிவிடுவோம். பேரிடருக்கு என்று எடுத்து வைத்த சின்னத் தொகை புயல் வந்த முதல் வாரத்திலேயே நிவாரணப் பையாகப் போய்விடும். அரிசி, பருப்பு, போர்வை. ஏன் எப்போதும் அதே போர்வை என்றால், ஒரு பைக்கு இன்ன விலை, இத்தனை பை, இத்தனை கையெழுத்து என்று ஒரே நாளில் கணக்கு முடிந்துவிடும். உங்கள் வாடகைக்கு நாங்கள் உங்களைப் புரிந்துகொள்ள வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். கேட்க நன்றாக இல்லை, ஆனால் உண்மை அதுதான்.

அதனால் எங்களைப் போன்றவர்களிடம் "வெள்ள நிவாரணம்" என்று எழுதாதீர்கள். "பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தேர்வு எழுத மாலைப் பள்ளியை மீண்டும் தொடங்குதல், ஜனவரி முதல் மார்ச் வரை" என்று கல்வித் திட்டமாக எழுதுங்கள். சட்டத்தின் பட்டியலில் கல்வி தனியாகவே இருக்கிறது. ஆசிரியைகளின் சம்பளம் அதில் திட்டச் செலவு. நிர்வாகச் செலவு 5 சதவீதம்தான் என்று யாராவது சொன்னால், அந்த உச்சவரம்பு கம்பெனியின் சொந்த நிர்வாகச் செலவுக்கு, வகுப்பு எடுக்கும் டீச்சரின் சம்பளத்துக்கு அல்ல என்று பணிவாகச் சொல்லுங்கள். எங்கள் அலுவலகத்திலேயே பாதிப் பேருக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

சி.எஸ்.ஆர்.-1ஐ இந்த வாரமே போட்டுவிடுங்கள். 2021 ஏப்ரல் முதல் அந்த எண் இல்லாமல் எந்த டிரஸ்டுக்கும் நாங்கள் பணம் அனுப்ப முடியாது. 12ஏ, 80ஜி இரண்டும் இருப்பதால் உங்களுக்குக் கிடைக்கும். டிஜிட்டல் கையெழுத்தும் ஆடிட்டர் சான்றும் வேண்டும். தொண்டு அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்திலும் பதிந்துவிடுங்கள், அது இலவசம்.

ஏன் அவசரப்படுத்துகிறேன் என்றால், ஜனவரி கடைசியில் எல்லாக் கம்பெனியிலும் ஒரு பீதி கிளம்பும். மார்ச் 31க்குள் செலவாகாமல் எவ்வளவு கிடக்கிறது என்று தேடுவோம். பெரிய அமைப்பு ஏதாவது ஒரு திட்டத்தை முடிக்காமல் விட்டிருக்கும். அந்த நேரத்தில் காகிதம் எல்லாம் சரியாக இருக்கும் சின்ன டிரஸ்ட் ஒன்று ஒரு லட்சத்துக்குக் கடிதம் வைத்திருந்தால், சில சமயம் பத்தே நாளில் நடந்துவிடும்.

எதைக் கேட்டாலும் படம் வேண்டும். சுவரில் தண்ணீர் நின்ற கறை மேல் இப்போதே சுண்ணாம்பு அடிக்காதீர்கள். முதலில் அதன் பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். கெட்டுப்போன லேப்டாப்களைத் தூக்கிப் போடுவதற்கு முன் வரிசை எண் தெரிகிற மாதிரி எடுங்கள்.


நேர்கோடு
22 டிசம்பர் 2023

பெரிய அறக்கட்டளைகளை யாரும் சொல்லவில்லையே? 2020இல் கொரோனாவுக்கு விப்ரோவும் அசிம் பிரேம்ஜி அறக்கட்டளையும் சேர்ந்து 1,125 கோடி அறிவித்தார்கள். அந்த மாதிரி இடத்தில் கேட்கக்கூடாதா?


பேரேடு
22 டிசம்பர் 2023

கேட்கலாம். ஆனால் அந்த அளவு நிதி, ஏற்கெனவே கூட வேலை செய்கிற அமைப்புகள் வழியாகத்தான் வேகமாக இறங்கும். புதிதாக ஒருவரைத் தெரிந்துகொள்ள அவர்களுக்கு மாதக்கணக்கு ஆகும். 2021இல் எடெல்கிவ் நிறுவனம் குரோ ஃபண்ட் என்று 100 சின்ன அமைப்புகளுக்காக 100 கோடியில் ஒன்று தொடங்கியது. கொரோனாவில் அடிபட்ட அமைப்புகள் எழுந்து நிற்க, சம்பளம், வாடகை மாதிரியான அடிப்படைச் செலவுக்கே பணம் கொடுத்த அரிதான திட்டம். ஆனால் லட்சக்கணக்கான அமைப்புகள் இருக்கிற நாட்டில் நூறு என்றால் பாருங்கள். டீச்சர் அடுத்த வருடம் அமைதியாக இருக்கும்போது இப்படிப்பட்ட இடங்களுக்கு எழுதட்டும். ஜனவரி 1ஆம் தேதி வாடகைக்கு அது ஆகாது.

வாடகை என்றதும்தான் ஞாபகம் வருகிறது. வீட்டுக்காரரிடம் பேசினீர்களா? அட்வான்ஸ் எவ்வளவு கொடுத்திருக்கிறீர்கள்?


சுண்டல் டீச்சர்
22 டிசம்பர் 2023

50,000 சார். அது எனக்குத் தோன்றவே இல்லை!


சுண்டல் டீச்சர்
18 பிப்ரவரி 2024

இரண்டு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். என்ன ஆனது என்று சிலர் தனிச் செய்தியில் கேட்டிருந்தீர்கள்.

வீட்டுக்காரர் முதலில் முறைத்தார். அப்புறம் அவருடைய பேத்தியே நம்மிடம் படிக்கிறாள் என்று ஞாபகப்படுத்தினேன். இரண்டு மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். 18,000 அப்படி நின்றது. இதைச் செய்ய எந்த விண்ணப்பமும் வேண்டியிருக்கவில்லை, இரண்டு டம்ளர் டீயில் முடிந்தது.

41 பேரில் ஆறு எண் இப்போது இல்லை. 35 பேரிடம் பேசினேன். பேரேடு சார் சொன்னபடி ஆளுக்கு ஒரு விஷயம்தான் கேட்டேன். 23 பேர் கொடுத்தார்கள். மொத்தம் 86,500. பாதியாகக் குறைத்தார் என்று சொன்னேனே, அவருக்கும் போன் போட்டேன். 15 சதவீதச் சட்டத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பால் செலவை மூன்று மாதத்துக்கு எடுத்துக்கொண்டார். மற்றதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

பக்கத்து ரோட்டரி கிளப் இன்வெர்ட்டரும் பேட்டரியும் கொடுத்தது. ஆமாம், பெயர்ப் பலகையோடு. பலகை இன்வெர்ட்டரைவிடப் பெரியது. ஓ.எம்.ஆர். ஊழியர் தம்பி வேறொரு கம்பெனியில் சொல்லி, அவர்கள் கழித்த இரண்டு லேப்டாப் கிடைத்தது. சி.எஸ்.ஆர்.-1 எண் ஜனவரியில் வந்தது. சம்பளத்துக்கு 54,000 கேட்டு மூன்று கம்பெனிக்கு எழுதினேன். ஒன்று முடியாது என்றது, ஒன்று பதிலே இல்லை, ஒன்று மூன்று தடவை அதே காகிதங்களை வேறு வேறு வடிவத்தில் கேட்டுவிட்டு "பரிசீலனையில்" என்கிறது. மார்ச் 31 வரை பார்க்கலாம். திரட்டும் தளத்தில் கடைசியில் போடவே இல்லை. அந்த வீடியோ எடுக்கிற வேலைக்கு எங்களுக்கு ஆள் இல்லை, பிள்ளைகளை நிறுத்தி அழுகிற மாதிரிப் படம் எடுக்கச் சொன்னார் ஒருவர், அது எனக்குப் பிடிக்கவும் இல்லை.

ஆசிரியைகள் மூவரும் இருக்கிறார்கள். ஜனவரி சம்பளம் முழுசாகக் கொடுத்தோம். பத்தாவதில் 11 பேர், தினமும் ஒன்பது மணி வரை உட்காருகிறார்கள். லேப்டாப் இன்னும் மூன்று குறை. பீரோவை எடுத்துவிட்டு நாலடிக்கு மேல் சிமெண்ட் பலகை போட்டோம், ஆறாவதுப் பிள்ளைகள் ஸ்டூல் போட்டு ஏறி எடுக்கிறார்கள். சுவரில் ஒரு முழ அகலத்துக்குச் சுண்ணாம்பு அடிக்காமல் கறையை அப்படியே விட்டிருக்கிறோம், பார்க்க வருகிறவர்களுக்குக் காட்ட.

பேரேடு சாருக்கு ஒரு சந்தேகம். கியூ.ஆர். வழியாக ஒருவர் 500 ரூபாய் போட்டிருக்கிறார். பெயர் இடத்தில் ஏதோ எண் மட்டும் வருகிறது. குறிப்பில் "சுண்டலுக்கு" என்று மட்டும் எழுதியிருக்கிறது. இதை எப்படி எழுதுவது?


பேரேடு
18 பிப்ரவரி 2024

வங்கியில் ஒரு தடவை பெயர் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் பெயர் தெரியாத நன்கொடை என்று தனி வரியில் எழுதிவிடுங்கள். ஒரு லட்சத்துக்கு இன்னும் 99,500 பாக்கி இருக்கிறது, பயப்படாமல் சுண்டல் போடுங்கள்.